தங்கராணி வம்சம்

அந்தப் பையைக் காலால தள்ளாதீங்க சார். உள்ள ஒரு ராணி இருக்கா. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். சிந்து நதிக் கரையை ஆண்ட தங்கராணி. அச்சடிச்சு, வழவழன்னு அட்டை போட்டு, அட்டையில குதிரை மேல உட்கார வெச்சு, வாங்க வேண்டியவங்களே வாங்காம, இப்ப நம்ம சீட்டுக்குக் கீழ பயணம் பண்ணிட்டிருக்கா.

நான் யாருன்னு தெரியலையா? வரலாற்றுச் செம்மல் தணிகாசலம். தெரியலைன்னா போகட்டும். ஆனா உங்க வீட்டுல குல வரலாறுன்னு ஒரு புத்தகம் இருக்குமே, முதல் பக்கத்துல வாள் தூக்கின ராஜா, கடைசிப் பக்கத்துல சங்கத் தலைவர் போட்டோ? அதை நான் எழுதியிருப்பேன். இந்த வட்டாரத்துல எந்தச் சமூகம் சங்கம் ஆரம்பிச்சாலும் முதல்ல கொடி தைப்பாங்க, அடுத்தது என்னைத்தான் தேடி வருவாங்க. நான் ஒரு ராஜாவைக் குடுப்பேன். ராஜா தீர்ந்துபோச்சுன்னா சேனாபதி. அதுவும் இல்லைன்னா ராஜகுரு. ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பினதில்ல. 'ஐயா, எங்களுக்கு ராஜா வேணாம்'னு ஒருத்தர் வாயால கேட்டதும் இல்ல. இந்த சிந்திக்காரங்ககிட்டதான் கேட்டேன். அதையும் மைக்ல கேட்டேன்.

அதால இப்ப என் பொண்ணு என்னை விட்டுட்டு செஞ்சிக்குப் போய் உட்கார்ந்திருக்கா. ஒரே பொண்ணு. கோப்பெருந்தேவி. பேங்குல வேலை. அவளைக் கூட்டிட்டு வரத்தான் போயிட்டிருக்கேன். செஞ்சியில யார் வீட்டுலயா? ஒரு பெரியவர் வீட்டுல. வேண்டப்பட்டவர். கண்ணு தெரியாது. அவரை விடுங்க, அவர் கதைக்கு வேண்டாம்.

புரசைவாக்கத்துல தங்கராணி சில்க்ஸ்னு ஒரு கடை. ஜேட்டானந்த்னு ஒருத்தர், அவர் தங்கச்சி லீலாவந்தி, ரெண்டு பேரும் நடத்துறாங்க. பாகிஸ்தான் பிரிஞ்சப்போ சிந்து மாகாணத்துலேர்ந்து கப்பல் ஏறி வந்த குடும்பம். இப்ப இவங்க தமிழ்ல நீங்களும் நானும் தோத்துடுவோம். நான் முதல் தடவை போனப்போ மரியாதையா 'சேட்டு'ன்னேன். அந்தம்மா புடவை மடிச்சுக்கிட்டே, "அண்ணே, சேட்டு வேற ஆளு. நாங்க சிந்தி. எல்லாரையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க"ன்னுச்சு. அப்பவே எழுந்து வந்திருக்கணும்.

விஷயம் என்னன்னா, அவங்க வம்சத்தாருங்க சிங்கப்பூர், ஸ்பெயின், நைஜீரியான்னு எங்கெங்கயோ சிதறிக் கிடக்கறாங்க. எல்லாரும் சென்னையில ஒண்ணு கூடறாங்க. இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு சிந்தி எழுத்தும் தெரியாது, பூர்வீகமும் தெரியாது. அதனால தமிழ்லயே ஒரு வரலாறு வேணும்னு ஜேட்டானந்த் கேட்டார். "நாங்க கதை சொல்றோம், நீங்க அழகா எழுதிக் குடுங்க"ன்னார். கடைப் பையனை அனுப்பி டீ வாங்கிட்டு வரச் சொல்லிட்டு, அந்தம்மா கதையை ஆரம்பிச்சுது.

சார், என் தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். நான் கேட்க மாட்டேன். சொந்தக்காரன் சொல்றதைக் கேட்டா வரலாறு கெட்டுப்போகும். எங்க தாத்தா பஞ்சம் பொழைக்க வந்தாரு, எங்க பாட்டன் கல் சுமந்தாருன்னு இதைத்தான் சொல்லுவான். இதையா அச்சடிக்க முடியும்? அதனால தலையை மட்டும் ஆட்டிட்டு, மனசுக்குள்ள என் ராஜாவைத் தேடிட்டிருப்பேன். அன்னிக்குத் தேடவே வேண்டியிருக்கல. வாசல்ல போர்டுலயே இருந்தா. தங்கராணி! வம்சத்துப் பேரே அதுதானாம். வேற என்ன ஆதாரம் வேணும்?

ஆனா ஒரு இடத்துல மட்டும் வாயைத் திறந்துட்டேன். அந்தம்மா ஏதோ வெள்ளம், எருமைன்னு சொல்லிட்டிருந்துச்சு. "எல்லாரும் எருமை வால் நுனியைப் புடிச்சுக்கிட்டு நேரா அந்தக் கரைக்குப் போனாங்க"ன்னுச்சு. எனக்குப் பொறுக்கல. "நுனியைப் பிடிச்சா உதறிடும்மா. அடிவாலைப் பிடிக்கணும். அதுவும் எருமை வெள்ளத்துல நேரா போகாது, தண்ணி இழுக்கற பக்கமா சாய்ஞ்சு குறுக்கால போய்த்தான் கரை ஏறும். கொம்பைத் தொட்டீங்கன்னா முழுகிடும்"னு சொல்லிட்டேன்.

அந்தம்மா புடவையைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்துச்சு. "எப்படிண்ணே தெரியும்?"

"எங்கப்பா மாட்டுத் தரகு"ன்னேன்.

வாய் தவறி வந்துடுச்சு சார். அந்தம்மா விடல. துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்களே, வாங்கறவன் விக்கறவன் தவிர ஈ காக்காவுக்குத் தெரியாம, அதைப் பத்தி எல்லாம் கேட்டுச்சு. நானும் ஒரு துண்டை வாங்கி அது கையில போட்டு, இந்த விரல் இதுக்கு, இந்த அழுத்தம் அதுக்குன்னு காமிச்சுட்டேன். ஜேட்டானந்த் குழந்தை மாதிரி கை தட்டினார். டீ நல்லா இருந்துச்சு, அதான் காரணம்னு நினைக்கிறேன். ஏலக்காய் போட்ட டீ மனுஷனை ஏமாத்திடும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். தங்கராணி பிறந்தா. சிந்து நதிக் கரையில ஏழடுக்கு மாளிகை. தங்கக் கவசம். அந்நியன் படையெடுத்து வரான், ராணி வாளை உருவுறா, கடைசியில மானம் காக்க நெருப்புல குதிக்கிறா. குதிக்கறதுக்கு முன்னாடி ஒரு கைக்குழந்தையை தாதிகிட்ட குடுத்தனுப்புறா. எப்பவும் ஒரு குழந்தையைக் குடுத்தனுப்பணும் சார், இல்லைன்னா வம்சம் எப்படி வரும்? அச்சுக்குப் போறதுக்கு முன்ன ஜேட்டானந்த் ஒரு தடவை பார்க்கணும்னார். "மேடையில பாருங்க. வரலாறு ஆச்சரியமா வரணும்"னுட்டேன். பாவம், நல்ல மனுஷன், சரின்னுட்டார்.

இந்த நேரத்துல என் பொண்ணுக்கு ஒரு இடம் அமைஞ்சுது. தனவேலுன்னு ஒரு சங்கத் தலைவர். பையன் இன்ஜினீயர். தனவேலு சாதியைச் சொல்ல வேணாம், ஆனா அவங்களுக்கு சேனாபதியைக் குடுத்தவன் நான்தான். போன வருஷம் வரைக்கும் லுங்கி கட்டிட்டு ஜல்லி லாரி ஓட்டிட்டிருந்த மனுஷன், நான் புத்தகம் குடுத்த அன்னிலேர்ந்து மீசையை முறுக்கிட்டு, வீட்டு வாசல்ல ரெண்டு சிமெண்ட் சிங்கம் வெச்சுட்டார். பொண்ணு கேட்டு வந்தப்போ, "உங்க பூர்வீகம் எப்படி?"ன்னார். எங்கிட்டயே! நான் அசரல. பாளையக்காரர் வழின்னேன். "அப்பா?"ன்னார். காலமாயிட்டார்னேன்.

என்ன சார் அப்படிப் பார்க்குறீங்க? கல்யாணம் ஆகற வரைக்கும்தானே. அப்புறம் மெதுவா உயிர் குடுத்துக்கலாம்னு இருந்தேன். அவருக்கும் கண்ணு தெரியாது, கல்யாணத்துக்கு வந்து என்ன பார்க்கப் போறார்?

சரி, கேளுங்க. கீழ்ப்பாக்கத்துல மண்டபம். எனக்குப் பொன்னாடை போடறாங்க, வெளிநாட்டுலேர்ந்து எல்லாம் வந்திருக்காங்கன்னு தனவேலுவைக் குடும்பத்தோட வரச் சொன்னேன். முதல் வரிசை. பக்கத்துல என் பொண்ணு, பட்டுப் புடவையில. மண்டபம் பூரா சிந்திக்காரங்க, வைரமும் செண்ட்டுமா. நான் எழுந்து ராணியைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். மாளிகைக்கு ஒரு சிரிப்பு வந்துச்சு. கவசத்துக்கு இன்னும் கொஞ்சம். ராணி நெருப்புல குதிக்கறப்போ மண்டபமே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குது. மானத்துக்காக ஒரு பொம்பளை நெருப்புல விழறா, இவங்க கண்ணுல தண்ணி வர சிரிக்கறாங்க. என்ன ஜனங்க சார் இவங்க!

லீலாவந்தி வந்து என் தோளைத் தொட்டு மைக்கை வாங்கிக்கிச்சு. "அண்ணே, நீங்க ரொம்ப அழகா ராணி கொண்டாந்துட்டீங்க. ஆனா எங்க ஆளு ராணி இல்லண்ணே. மாடு"ன்னுச்சு.

அவங்க பேர் தங்கராணியே இல்லையாம். டங்கர் ஆணியாம். ஆணின்னா இன்னாரோட பிள்ளைங்கன்னு அர்த்தமாம், சிந்திக்காரங்க பேரு பாதிக்கு மேல அப்படித்தான் முடியுமாம். டங்கர்னா அவங்க ஊர்ப் பேச்சுல மாடு. போர்டு எழுத வந்த தமிழ் ஆளு, 'டங்கராணி'ன்னு எழுதினா எவன் கடைக்கு வருவான்னு அவனா 'தங்கராணி' ஆக்கிட்டானாம். அவங்கப்பாவும் பார்க்க நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டாராம். ஒரு பெயிண்டர் பண்ணின வேலைக்கு நான் ஏழடுக்கு மாளிகை கட்டியிருக்கேன்.

அப்புறம் சொல்லுச்சு, அவங்க வரலாற்றை. எருமை மேய்க்கறவன் ஒருத்தன். கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டான், பேச மாட்டான், மாட்டோடயே கிடப்பான். ஊரே அவனை மாடு, மாடுன்னு கேலி பண்ணுது. சொந்தப் பேரே எவனுக்கும் தெரியாது. ஒரு வருஷம் சிந்து நதி வழி மாறி ஊருக்குள்ள வந்துடுது. இருந்த படகை எல்லாம் ஜமீன்தாரும் பெரிய வியாபாரிங்களும் எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. மிச்சம் இருந்தவங்களை இவன் எருமை வாலைப் பிடிக்க வெச்சு அக்கரை சேர்க்கறான். நாவிதன், தையக்காரன், சில்லறைக் கடைக்காரன், யாரோ ஒரு விதவை, எவன் வந்தானோ அவன். திரும்பத் திரும்பப் போறான். கடைசித் தடவை எருமைங்க மட்டும் வந்துச்சு, அவன் வரல.

அதுக்கப்புறம் கரை ஏறினவங்க எல்லாம், 'நாங்க டங்கரோட பிள்ளைங்க'ன்னு சொல்லிக்கிட்டாங்களாம். அதான் வம்சமாம். அவனுக்குக் கல்யாணமே ஆகல சார்! ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வாலைப் பிடிச்சவன் எல்லாம் வாரிசாம். இதுக்குப் பேரு வம்சமா? இது நம்ம பஸ்ஸுல ஏறின கூட்டம் மாதிரி. நீங்க எங்க ஏறினீங்க, நான் எங்க ஏறினேன், நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க இந்த டிரைவர் பேரைச் சொல்லிக்கிட்டு அலையுமா?

இதுவே பரவாயில்ல. அதுக்கு மேல ஒரு கூத்து. பிரிவினை அப்போ கராச்சி துறைமுகத்துல ஜனக்கூட்டம். யார் எங்கன்னு தெரியல, குடும்பம் குடும்பமா தொலைஞ்சுபோகுது. அப்போ இந்த வம்சத்துல ஒருத்தர் கப்பல் படியில நின்னுக்கிட்டு மாடு மாதிரி கத்தினாராம். அங்கங்க இருந்து பதில் கத்தல் வந்துச்சாம். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சாங்களாம். அன்னிலேர்ந்து கல்யாணமோ சாவோ, கூடினா கத்தணும். அது அவங்க வழக்கம். சொல்லி முடிச்சுட்டு அந்தம்மா மைக்லயே 'டங்கர்!'னுச்சு. வைர மோதிரம் போட்டவன், கோட்டு சூட்டு போட்டவன், ஸ்பெயின்ல ஹோட்டல் வெச்சிருக்கறவன், அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கிட்டு 'ம்மா... ம்மா'ன்னு கத்தறான் சார். எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அதுவும் எப்படிக் கத்தறாங்க? பசு மாதிரி! எருமை எங்கயாவது 'அம்மா'ன்னு கத்துமா? சொந்தப் பூர்வீகத்தைக்கூட ஒழுங்காக் கத்தத் தெரியாத ஜனங்க.

நான் இறங்கப் பார்த்தேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிச்சு. நல்ல எண்ணம்தான், அதான் கொடுமை. "இந்த அண்ணன் ராணி எழுதினாலும் இவரும் நம்ம ஆளுதான். இவர் அப்பா செஞ்சிச் சந்தையில மாட்டுத் தரகர். எருமை எப்படி வெள்ளம் தாண்டும்னு எங்க முன்னோருக்கே இவர் பாடம் சொல்லுவாரு. எல்லாரும் இவருக்காக ஒரு தடவை!"ன்னுச்சு. மண்டபம் பூரா எழுந்து நின்னு, என்னைப் பார்த்து, 'ம்மா...'

முதல் வரிசையில தனவேலு மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? எழுந்தார். துண்டை உதறித் தோள்ல போட்டார். "மாட்டுத் தரகன் மகன் குடுத்த சேனாபதியை நம்பியா நான் வாசல்ல சிங்கம் வெச்சிருக்கேன்?"னார். பொண்டாட்டி, பிள்ளை, எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டார். சிங்கம் இன்னும் வாசல்லதான் இருக்கு, அதை மட்டும் எடுக்கலையாம்.

அதைக்கூட நான் தாங்கிக்கிட்டேன். தாங்கிக்க முடியாதது ஒண்ணு சொல்றேன். அவர் போற வழியில என் பொண்ணு நிக்கிறா. கல்யாணம் முறிஞ்சு போச்சு, அழுவாள்னு பார்க்கறேன். புடவைத் தலைப்பை இடுப்புல செருகிக்கிட்டு, அவங்களோட சேர்ந்து, 'ம்மா'ங்கறா. கோப்பெருந்தேவி! என் கண்ணைப் பார்த்துக்கிட்டே கத்தறா.

வீட்டுக்கு வந்தோம். துணி எடுத்துப் பையில வைக்கிறா. "தாத்தா செத்துட்டாருன்னா சொன்ன?"ன்னு மட்டும் கேட்டா. தனவேலு பொண்டாட்டி போற போக்குல சொல்லிட்டுப் போயிருக்கா. நான் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். அவ நிக்கல. மறுநாள் செஞ்சியிலேர்ந்து போன். "பஸ் ஸ்டாண்டுல தாத்தாவைக் கூட்டிட்டு நிப்பேன். நீ இறங்கி எல்லார் முன்னாடியும் அவரை அப்பான்னு கூப்பிடு. கூப்பிட்டா உன்னோட வரேன். இல்லைன்னா எனக்கு இங்கயே மாற்றல் கேட்டிருக்கேன்"கறா.

ஆமா சார், அந்தப் பெரியவர்தான். பூங்காவனம்னு பேரு. நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொன்னா என்ன. கண்ணு போனதிலேர்ந்து வாய்ப்பேச்சும் குறைஞ்சுபோச்சு. வர்றவன் யார்னு தெரிஞ்சுக்க இன்னும் அந்தத் துண்டைத்தான் போட்டு விரலைப் பிடிச்சுப் பார்க்கறார். நான் போனா சுண்டு விரலை ரெண்டு தடவை அழுத்துவார். சின்ன வயசுல சந்தையில, கூட்டத்துல விட்டுடாத, கையைப் பிடிச்சுக்கன்னு அர்த்தம் அதுக்கு. நாலு பேர் பார்க்கற இடத்துல இதை எல்லாம் செய்ய முடியுமா? வரலாற்றுச் செம்மல் நான். செஞ்சியில மட்டும் மூணு சங்கத்துக்கு ராஜா குடுத்திருக்கேன், பஸ் ஸ்டாண்டுல பாதிப் பேர் என் வாசகர்.

அதனால ஒரு யோசனை வெச்சிருக்கேன். டிக்கெட்டைப் பாருங்க, செஞ்சியைத் தாண்டி கீழ்பென்னாத்தூர். செஞ்சியில இறங்கவே போறதில்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தாண்டிப் போயிட்டு, ஆட்டோ பிடிச்சுத் திரும்பி நேரா அவர் வீட்டுக்கு வந்துடுவேன். வீட்டுக்குள்ள அப்பான்னு கூப்பிட எனக்கு என்ன கஷ்டம்? எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடறேன். அவ பிடிவாதக்காரிதான். யார் பேத்தின்னு நினைக்கிறீங்க.

செஞ்சிக் கோட்டை தெரியுதா? ஜன்னல் பக்கம் கொஞ்சம் மறைச்சுக்கிட்டு உட்காருங்க சார். புண்ணியமாப் போகும்.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. அதோ, அந்த இளநீர் வண்டி பக்கத்துல. பச்சைச் சுடிதார் அவதான். பக்கத்துல வேட்டி, தோள்ல சிவப்புத் துண்டு. இளைச்சுட்டார். எந்தப் பக்கம் பார்க்கறதுன்னு தெரியாம ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார் பாருங்க. வெயில்ல எதுக்கு நிக்க வெச்சிருக்கா, அந்த நிழல் பக்கம் போனா என்ன? அறிவு இருக்கா?

கேட்குதா சார்? ஐயோ, கத்தறா! ஒவ்வொரு பஸ்ஸா வந்து நின்னு கத்தறா! ஜனங்க எல்லாம் சிரிக்கறாங்க. 'ம்மா... ம்மா...' பேங்குல வேலை பார்க்கற பொண்ணு! அதுவும் பாருங்க, அந்தச் சிந்திக்காரங்ககிட்ட கத்துக்கிட்ட அதே பசு மாட்டுக் கத்தல். தரகு பூங்காவனம் பேத்தி வாயிலேர்ந்து வர்ற சத்தமா இது? இப்படிக் கத்தினா எந்த எருமை சார் திரும்பிப் பார்க்கும்? வாயைத் திறக்கவே கூடாது. மூக்கால வரணும். கன்னுக்குட்டியைத் தேடற எருமை இருக்கே, அடிவயித்துலேர்ந்து இழுத்து, கழுத்தை நீட்டி, இப்படி...

ங்ஙாஆஆஆங்!

என்ன, என்ன எல்லாரும் திரும்பிப் பார்க்கறீங்க? சும்மா காமிச்சேன். இவருக்குத்தான் காமிச்சேன். ஏன் சார், நீங்க எதுக்கு அங்க பார்க்கறீங்க? என்ன ஆச்சு?

தலையைத் திருப்பிட்டாரா?

கண்டுபிடிச்சுட்டார். சந்தையில இருட்டுல, கட்டின மாடுங்களுக்கு நடுவுலயும் என் குரலைக் கண்டுபிடிப்பார் அந்த ஆளு. துண்டை எடுத்துட்டார் பாருங்க. கை மேல போட்டு நீட்டறார். கூறு கெட்ட மனுஷன், அந்தப் பக்கம் போய் நீட்டறாரே, அங்க வேற பஸ் வருதே! ஏய் கோப்பு, பிடி, தாத்தாவைப் பிடி!

நகருங்க சார், வழி விடுங்க. பையா? அது கிடக்கட்டும், ராணியை நீங்களே வெச்சுக்குங்க. கண்டக்டர்! விசில் அடிக்காதய்யா, நிறுத்து. எனக்கு இங்கதான் இறங்கணும். எங்கப்பா நிக்கிறார்.